பக்கவாத்திய ஆசனத்திலிருந்து ஓர் இசையமைப்பாளர்: ஸ்டான் ட்ரேசி பற்றிச் சில குறிப்புகள்

ஒரு கலைஞனை இன்னொரு கலைஞனின் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துவது விமர்சனத்தில் ஊறிப்போன ஒரு சோம்பல். நமது சிற்றிதழ்களிலும் இது தாராளமாக உண்டு. தமிழகத்தில் புகழ்பெற்ற ஒருவரின் பெயருக்கு முன்னால் 'ஈழத்து' என்று ஒட்டி நம்மவர் ஒருவரைப் பாராட்டிவிடுவோம். அதன்பின் பாராட்டுப் பெற்றவரை யாரும் தேடி வாசிப்பதில்லை. ஆங்கிலேய ஜாஸ் பியானோக் கலைஞரும் இசையமைப்பாளருமான ஸ்டான் ட்ரேசிக்கு நேர்ந்ததும் இதுதான். அமெரிக்கரான தெலோனியஸ் மொங்க்கின் பிரித்தானியப் பதிப்பு என்ற அளவிலேயே அவரை நீண்டகாலம் பலர் அறிந்திருந்தார்கள்.

ஒப்பீடு பொய்யென்று சொல்ல வரவில்லை. மொங்க்கும் டியூக் எலிங்டனும் தன் ஆசான்கள் என்பதை ட்ரேசி ஒருபோதும் மறைத்ததில்லை. பியானோவைத் தாளவாத்தியம்போல் அடித்து வாசிப்பது, காதுக்கு இடறும் சுரங்களை வேண்டுமென்றே அருகருகே வைப்பது, எதிர்பாராத இடத்தில் கையை எடுத்துக்கொள்வது ஆகிய மூன்றையும் மொங்க்கிடமும் காணலாம். ஆனால் ட்ரேசியின் தனித்தன்மையை இவை விளக்கப் போதா. அவரை இசையமைப்பாளராக வளர்த்தது அவர் கேட்ட இசைத்தட்டுக்களைவிட அவர் அமர்ந்த ஆசனமே என்பது என் எண்ணம். அது பக்கவாத்தியக்காரனின் ஆசனம்.

1926 டிசம்பர் 30இல் தென் இலண்டனில் பிறந்தவர் அவர். இசைக் கல்லூரி எதற்கும் போனவரல்லர். அக்கோர்டியன் வாசித்துக்கொண்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பதினாறு வயதில், படையினரை மகிழ்விக்கும் குழுவொன்றில் சேர்ந்து தொழில்முறைக் கலைஞரானார். பின்னர் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் பயணிகள் கப்பல்களில் வாசித்தார். கப்பல் நியூயோர்க்கில் நிற்கும் நேரங்களில் இறங்கிப்போய் ஜாஸைப் பிறந்த மண்ணிலேயே கேட்டார். 1957இல் டெட் ஹீத்தின் புகழ்பெற்ற பெரிய வாத்தியக் குழுவில் இடம் கிடைத்தது. நல்ல வருமானமுள்ள வேலைதான். ஆனால் அங்கே கற்பனைக்குக் கிடைத்த இடம் சிறியது.

அவருடைய உண்மையான பயிற்சிக் கலாசாலை 1960இல் ஆரம்பமாகிறது. சாக்சபோன் கலைஞர் ரொனி ஸ்கொட் 1959இல் இலண்டனின் ஜெரார்ட் வீதியில் ஒரு ஜாஸ் மண்டபத்தைத் திறந்திருந்தார். 1961இலிருந்து அமெரிக்கக் கலைஞர்கள் அங்கு விருந்தினராக வரத் தொடங்கினார்கள். வருபவர் பெரும்பாலும் தனியே வருவார். பியானோ, பாஸ், டிரம் ஆகியவற்றை மண்டபத்தின் சொந்தக் குழு வாசிக்கவேண்டும். அந்தக் குழுவின் பியானோ 1967வரை ட்ரேசியிடம் இருந்தது. சூட் சிம்ஸ், பென் வெப்ஸ்டர், ஸ்டான் கெட்ஸ், ரோலண்ட் கேர்க், சொனி ரொலின்ஸ் என்று வந்தவர்களின் பட்டியல் நீளமானது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுபாவம். ஒருவருக்கு நெருக்கமான ஆதரவு வேண்டும். இன்னொருவருக்கு வெற்றிடம் வேண்டும். ரொலின்ஸோ ஒரு பாட்டின் நடுவிலே இன்னொரு பாட்டுக்குத் தாவிவிடக்கூடியவர். பின்தொடர்பவனுக்குக் காது கத்திபோல் இருக்கவேண்டும். ட்ரேசியின் இடறும் சுரங்கள் சில விருந்தினருக்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. அவர் அதற்காகத் தன் கையை மாற்றிக்கொள்ளவில்லை. ரொலின்ஸ் அவரை மிக உயர்வாக மதித்தார்.

பக்கவாத்தியம் என்றதும் நமக்குப் பணிவு நினைவுக்கு வருகிறது. ஜாஸில் அது வேறு. முன்னே வாசிப்பவன் அந்தக் கணத்திலேயே இசையைக் கற்பித்துக்கொண்டு போகிறான். பின்னே இருப்பவன் அவனுக்கு ஒரு கேள்வியைப் போடலாம், ஒரு வழியை அடைக்கலாம், ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். இந்த மூன்றாவது காரியம்தான் கடினமானது. ஏழாண்டுகளாக இரவுதோறும் அதைச் செய்தவருக்கு, மற்றொருவரின் குரல் எங்கே தொடங்கி எங்கே தளரும் என்பது கைக்கே தெரிந்திருக்கும்.

இந்த அறிவு முழுமையாகத் திரண்டு வந்த படைப்பு, டிலன் தோமஸின் 'அண்டர் மில்க் வூட்' நாடகத்தை மனதில் கொண்டு ட்ரேசி எழுதிய ஜாஸ் தொகுதி. 1965 மே மாதத்தில் இலண்டன் லான்ஸ்டவுன் கலையகத்தில், டெனிஸ் ப்ரெஸ்டனின் தயாரிப்பில், நால்வர் குழுவாக அதனைப் பதிவுசெய்தார்கள். மண்டபத்தில் வேலை முடிந்து வீடு திரும்பும் இரவு பஸ்ஸிலே அதன் மெட்டுக்கள் உருவாயின என்று சொல்லப்படுகிறது.

தோமஸின் நாடகம் கண்ணால் பார்ப்பதற்கென எழுதப்பட்டதல்ல. 1954இல் பீ.பீ.சி. வானொலியில் ஒலிபரப்பான, குரல்களுக்காகவே எழுதப்பட்ட நாடகம். வேல்ஸ் கரையோரத்துக் கற்பனைக் கிராமம் ஒன்றின் ஒரு நாள்: உறக்கம், கனவு, விடியல், வம்பு, சமையல், காதல், மறுபடி இரவு. (கிராமத்தின் பெயர் லாரெகப். ஆங்கில எழுத்துக்களைப் பின்னாலிருந்து வாசித்தால் வரும் சொற்களை இங்கே எழுத முடியாது.) கதை என்று பெரிதாக எதுவுமில்லை, ஊர்ச் சனங்களின் பேச்சுத்தான் எல்லாம். அப்படிப்பட்ட ஒன்றைச் சொற்களே இல்லாமல் இசையாக்குவதென்றால் என்ன செய்வது? சாதாரண இசையமைப்பாளர் சேவல் கூவுவதையும் அலை அடிப்பதையும் வாத்தியத்தில் போலிசெய்திருப்பார். ட்ரேசி அப்படிச் செய்யவில்லை. எட்டு உருப்படிகளிலும் மனிதர்களின் நடையையும் பேச்சின் இழுப்பையும்தான் அவர் பிடிக்கிறார். 'கொக்கிள் ரோ' துள்ளிக்கொண்டு தெருவில் இறங்குகிறது. எதற்கும் உதவாத பையன் ஒருவனின் பெயர்கொண்ட 'நோ குட் போயோ'வில் அவனுடைய பொறுப்பின்மை தெரிகிறது. ஆனால் அவன்மேல் கோபம் இல்லை.

இரண்டாவது உருப்படியான 'ஸ்டார்லெஸ் அன்ட் பைபிள் பிளாக்' பற்றித் தனியே சொல்லவேண்டும். நாடகத்தின் ஆரம்பத்தில் வரும் நட்சத்திரமற்ற இரவிலிருந்து தலைப்பு எடுக்கப்பட்டது. நான்கு நிமிடம்கூட ஓடாதது. பியானோ மெல்லச் சில சுரங்களை வைக்கிறது. அதன்மேல் பொபி வெலின்ஸின் டெனர் சாக்சபோன் வருகிறது. வெலின்ஸ் ஸ்கொட்லாந்துக்காரர், அடக்கமான, கொஞ்சம் அழுகை கலந்த தொனி. பிரித்தானிய ஜாஸின் மிகச் சிறந்த தனிவாசிப்புக்களில் ஒன்று என்று இதனைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தப் பெருமை முழுவதையும் வெலின்ஸுக்கே கொடுத்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பியானோவை மட்டும் கவனித்து ஒருமுறை கேளுங்கள். இன்னும் இரண்டு சுரம் போட்டிருக்கலாம் என்று தோன்றும் இடங்களில் ட்ரேசி போடாமல் விட்டிருக்கிறார். அந்த இருட்டு அவர் விட்ட இடத்திலே இருக்கிறது. தன்னுடைய சொந்தப் படைப்பில், தன் பெயர் தாங்கிய இசைத்தட்டில், மிகச் சிறந்த இடத்தைத் தோழனுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் இருப்பதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்?

1976இல் நாடகத்தின் பகுதிகளை டொனல்ட் ஹூஸ்டன் வாசிக்க, அவற்றோடு இசை சேர்த்த பதிப்பொன்றும் உண்டு. சொல் வந்தவுடன் இசை அதற்குப் படம் வரைவதுபோல் ஆகிவிடுகிறது. எனக்கு 1965இன் பதிவே போதும்.

புகழ் வந்தது, சோறு வரவில்லை. ரொனி ஸ்கொட் மண்டபத்தை விட்ட பின், 'ரொக்' இசையின் பேரலையில் ஜாஸ் கலைஞர்களுக்கு வாய்ப்புகள் அருகிப்போயின. எழுபதுகளின் தொடக்கத்தில், ஐம்பதை நெருங்கும் வயதில், தபாற்காரராகப் பயிற்சி பெறுவது பற்றி ட்ரேசி யோசிக்கும் நிலை வந்தது. அதைத் தடுத்தவர் மனைவி ஜெக்கி. அத்தோடு இளைய தலைமுறையும் கைகொடுத்தது. மெட்டுக்கும் தாளத்துக்கும் கட்டுப்படாத சுதந்திர இசையை வாசித்த மைக் ஒஸ்போர்ன், கீத் டிப்பெட் போன்றவர்கள் அவரைத் தேடிவந்து இருவராய் அமர்ந்து வாசித்தார்கள். நாற்பதைத் தாண்டிய ஒருவர் தம்மைவிட இளையவர்களின் புது மொழியைக் கற்றுக்கொள்ள இறங்குவது சிறிய விடயமன்று. 1972இல் வெளிவந்த 'ஒரிஜினல்' என்ற இசைத்தட்டில் ஒஸ்போர்னுடன் அவர் வாசிப்பதைக் கேட்டால், பழைய பக்கவாத்தியக் காது புதிய இடத்தில் வேலை செய்வது தெரியும்.

1975இல் ட்ரேசியும் ஜெக்கியும் 'ஸ்டீம்' என்ற பெயரில் சொந்தமாக ஓர் இசைத்தட்டு வெளியீட்டகத்தைத் தொடங்கினார்கள். முதல் வெளியீடு 'கெப்டன் அட்வெஞ்சர்'. அடுத்த ஆண்டு, பெரிய நிறுவனம் பதிப்பிக்காமல் கைவிட்டிருந்த 'அண்டர் மில்க் வூட்'டைத் தாமே மறுபதிப்புச் செய்தார்கள். அச்சகத்துக்குக் கடன் வைத்துச் சொந்தப் புத்தகம் போட்டு, பிரதிகளைப் பையில் சுமந்து பழகிய நமக்கு இதன் அருமை விளங்கும். அந்த மறுபதிப்பு இல்லாவிட்டால் அந்தத் தொகுதி பழைய தட்டுச் சேகரிப்போரின் பொருளாக மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும்.

பிற்காலப் படைப்புகள் எல்லாம் ஒரே தரமல்ல. பெரிய குழுவுக்காக எழுதிய 1966இன் 'எலிஸ் இன் ஜாஸ் லேண்ட்' ஒலியில் செழிப்பானது. ஆனால் எல்லோரும் ஒரேநேரத்தில் பேசுவதால் ட்ரேசியின் மௌனம் அங்கே தொலைகிறது. விழாக்களுக்கென்று எழுதிய நெடுந்தொகுதிகள் சிலவற்றில் மெட்டைவிடச் சந்தர்ப்பமே முந்தி நிற்கிறது. விவிலியத்தின் படைப்புக் கதையை எடுத்துக்கொண்ட 'ஜெனசிஸ்' இதற்கு விதிவிலக்கு. எலிங்டனிடம் கற்றதை அதில் அவர் தனதாக்கிவிட்டார். 1986இல் ஓ.பி.ஈ., 2008இல் சி.பி.ஈ. என்று அரச விருதுகள் கிடைத்தன. விருது வந்த காலத்தில் அவர் யாரோ ஒருவரின் பிரித்தானியப் பதிப்பு அல்லர்.

2013இல் வந்த கடைசி இசைத்தட்டான 'த ஃப்ளையிங் பிக்'கில், முதலாம் உலகப்போரில் படைவீரராக இருந்த தந்தையின் அனுபவத்தை அவர் தொட்டார். தலைப்புகள் பதுங்குகுழிகளில் படையினர் பேசிய கொச்சைச் சொற்கள். 'பறக்கும் பன்றி' என்பது ஒருவகைக் குண்டுக்கு அவர்கள் வைத்த பெயர். மகன் கிளார்க் டிரம் வாசித்தார். அதே ஆண்டு டிசம்பர் 6இல், 86 வயதில், ட்ரேசி காலமானார். புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் இந்தக் கடைசித் தட்டிலிருந்து தொடங்கவேண்டாம். முதலில் 1965இன் தொகுதியை முழுதாக ஓடவிட்டு, இரண்டாம் தடவை சாக்சபோனை மறந்து பியானோவை மட்டும் கேளுங்கள்.