புல்வெளிக்குத் திரும்புதல்: வில்லா கேதரின் ‘வாக்னர் பகற்கச்சேரி’ பற்றிச் சில குறிப்புகள்

வில்லா கேதர் 1904ஆம் ஆண்டிலே சஞ்சிகையொன்றில் வெளியிட்டு, அடுத்த ஆண்டு தமது முதற் சிறுகதைத் தொகுதியிற் சேர்த்துக்கொண்ட ‘வாக்னர் பகற்கச்சேரி’ வீடு திரும்புதல் பற்றிய கதையாகும். ஆயின் திரும்பும் பயணம் அதில் இல்லை. நெப்ராஸ்காவின் பிரேரிப் புல்வெளியில் முப்பது ஆண்டுகள் பாடுபட்ட ஜோர்ஜியானா, உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சிறுதொகைப் பணத்தின் பொருட்டுப் பொஸ்டன் நகருக்கு வந்து, கதைசொல்லியாகிய கிளார்க் என்னும் உறவுக்கார இளைஞனின் பராமரிப்பில் இருக்கிறாள். திருமணத்துக்கு முன்னர் அதே நகரில் இசையாசிரியையாக இருந்தவள் அவள். கிளார்க் அவளைக் கச்சேரிக்கு அழைத்துச் செல்கிறான். நிகழ்ச்சி முடிந்து வாத்தியக்காரரும் எழுந்து சென்ற பின்னரும் அவள் ஆசனத்தைவிட்டு அசையவில்லை. போக விருப்பமில்லை என்று விம்முகிறாள். கதை அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது.

பண்பாடு நிறைந்த நகருக்கும் பண்பாடற்ற புல்வெளிக்கும் இடையிலான முரணாகவே இக்கதை பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வாசிப்புக்கு ஆசிரியரும் பொறுப்பாளியே. எனினும், அவள் போக விரும்பாத அவ்விடம் எவ்வாறு உருவாயிற்று என்ற வினாவை எழுப்பாமல் கதையை மதிப்பிட முடியாது என்பது எமது கருத்து.

புதுமணத் தம்பதியர் வண்டிச் சக்கரத்திலே சிவப்புத் துணியொன்றைக் கட்டி, அது சுழலும் தடவைகளை எண்ணித் தமது காணியின் எல்லையை அளந்ததாகக் கதை கூறுகிறது. அருமையான யதார்த்தச் சித்திரிப்பு இது. 1862ஆம் ஆண்டுக் குடியேற்றக் காணிச் சட்டம் 160 ஏக்கர் நிலத்தை ஐந்தாண்டு குடியிருந்து பயிரிடுவோருக்கு உரித்தாக்கியது. நிலம் இலவசம், கலப்பையும் விதையும் கால்நடையும் இலவசமல்ல. பெருமளவு பொதுநிலத்தை அரசிடமிருந்து மானியமாகப் பெற்ற புகையிரதக் கம்பனிகளே தானியத்தை ஏற்றும் கூலியையும் நிர்ணயித்தன. 1890, 1894ஆம் ஆண்டுகளின் வரட்சியும் தானிய விலை வீழ்ச்சியும் கடன்பட்ட விவசாயியை நிலைகுலையச் செய்தன. 1892இல் மக்கள் கட்சி தனது வேலைத்திட்டத்தை வகுத்து, புகையிரதங்களை அரசுடைமையாக்கக் கோரியது அதே நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில்தான்.

இவற்றுள் ஒன்றேனும் கதையில் இல்லை. ஈட்டுக்கடனின் இடத்தில் காற்று வீசுகிறது. புகையிரதக் கூலியின் இடத்தில் உவர்நீர் இருக்கிறது. சமூக உறவுகள் விளைவித்த துயரம் இயற்கையின் கொடுமையாக உருமாறுகிறது. ஹாம்லின் கார்லண்ட் 1889இல் எழுதிய ‘சிங்கத்தின் பாதத்தின் கீழ்’ என்ற கதையிலோ, குத்தகைக்காரன் தன் உழைப்பால் நிலத்தைத் திருத்த, அத்திருத்தத்தையே காரணங்காட்டி உடைமையாளன் நிலத்தின் விலையை இருமடங்குக்கு மேலாக உயர்த்துகிறான். கலையழகில் கேதருக்கு நிகராகாத கார்லண்ட், பகைவன் யாரென்பதில் தடுமாறவில்லை. ஆயின் இருவருமே பேசாத ஒன்றுண்டு. அப்புல்வெளி வெற்றிடமாக இருந்ததன்று. கதை நிகழும் ரெட் வில்லோ மாவட்டத்துக்கு அயல் மாவட்டத்திலே, 1873இல் எருமை வேட்டைக்குச் சென்ற போனி இனத்தவர் லக்கோட்டாக்களின் தாக்குதலில் பெருந்தொகையாக மாண்டனர். சுருங்கிவந்த வேட்டைநிலமே இரு இனங்களையும் அவ்வாறு மோதவைத்தது. எஞ்சிய போனிகள் அடுத்த சில ஆண்டுகளில் நெப்ராஸ்காவை விட்டே அகற்றப்பட்டனர். சக்கரத்துத் துணி அளந்தது எவருடைய நிலத்தை?

இவ்வளவும் கூறிக் கதையைப் புறந்தள்ளிவிடுவது எளிது. எம்மவருட் சிலர் அப்படியே செய்யக்கூடும். ஆனால் கதைக்குள்ளேயே கதைசொல்லியின் கருத்தை மறுக்கும் பாத்திரம் ஒன்று உண்டு. கச்சேரியில் வாக்னரின் பரிசுப் பாடலைக் கேட்டதும் ஜோர்ஜியானா அழுகிறாள்; அப்பாடலை அவள் முன்னரே புல்வெளியிற் கேட்டிருக்கிறாள். சிறுவயதில் பைரோய்த் குழுப்பாடகரோடு பாடிய ஜெர்மானியன் ஒருவன், மாடுமேய்க்கும் நாடோடித் தொழிலாளியாக அவர்களது பண்ணைக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தொழிலாளர் படுக்கும் அறையிலிருந்து பாடுவான். அவள் அவனைத் தேவாலயத்திலும் சேர்த்துவிட்டாள். பின்னர் அவன் குடித்துச் சூதாடிப் பணமிழந்து, பந்தயத்துக்காகக் காளைமீதேறி எலும்பு முறிந்து, எங்கோ மறைந்துபோனான். கிளார்க் இதனை ஓர் வேடிக்கை போலவே சொல்கிறான். எமக்கோ கதையின் இருதயம் இதுவெனத் தோன்றுகிறது. இசை புல்வெளிக்கு வராமலில்லை. கூலியாக வந்தது, கூலியாகவே துரத்தப்பட்டது. பொஸ்டன் மண்டபம் மட்டுமே கலையின் இருப்பிடம் என்னும் கிளார்க்கின் எண்ணத்தை அவனே அறியாமற் கதை உடைத்துவிடுகிறது. கேதர் ஒன்பது வயதில் வேர்ஜீனியாவிலிருந்து நெப்ராஸ்காவுக்குக் குடிபெயர்ந்து, புலம்பெயர்ந்த ஐரோப்பிய விவசாயிகளிடையே வளர்ந்தவர். கண்ட உண்மை, கொண்ட கருத்தை மீறி வெளிப்பட்டிருக்கிறது.

பாடபேதம் பற்றியும் ஒரு வார்த்தை. கதை வெளிவந்தபோது நெப்ராஸ்காவினர் சினந்தனர். கேதரின் குடும்பத்தாரும் மனம் நொந்தனர். 1920ஆம் ஆண்டுத் தொகுதியில் ஜோர்ஜியானாவின் பொருந்தாத பொய்ப்பற்களும் காற்றில் தோலாய்ப்போன மஞ்சள்நிறச் சருமமும் நீக்கப்பட்டன. இதனைக் கலைமெருகு என்று பாராட்டுவோருடன் நாம் உடன்படவில்லை. முதற் பாடத்தின் வருணனையில் நகரத்தானின் அருவருப்பும் இனவாதச் சாயலுள்ள உவமையும் கலந்திருப்பது மெய்யே. எனினும் உடலின்மீது உழைப்பு எழுதிய கணக்கு அங்கே வாசிக்கக் கிடைத்தது. நல்லவேளையாக, உருமாறிய கைகளும் தேய்ந்த மோதிரமும் பிற்பாடத்திலும் எஞ்சின.

முப்பது ஆண்டுகளின் பின் நகரைக் காணும் ஜோர்ஜியானா, வீட்டில் விட்டுவந்த நோஞ்சான் கன்றைப் பற்றியும், நிலவறையில் திறந்து வைத்த மீன் கெட்டுவிடுமே என்பது பற்றியும் கவலைப்படுகிறாள். கிளார்க் இதைப் பரிதாபமாகக் கருதுகிறான், வாசகரும் புன்னகைக்கலாம். ஆனால் அவளில்லாத நாட்களிலும் அவ்வேலைகள் நடந்தாக வேண்டும். மண்டப வாயிலுக்கு வெளியே கரிய குளத்தையும் வர்ணம் பூசாத வீட்டையும் குசினி வாசலில் குப்பை பொறுக்கும் வான்கோழிகளையும் கிளார்க் கற்பனையிற் காண்கிறான். கன்றை மட்டும் அவன் மறந்துவிடுகிறான்.