ரெஜிபோம் பள்ளிவாசலும் மூத்தம்மாவின் தறியும்

தரம் 10, 11 மாணவர்களின் உள்ளூர் வரலாற்று ஒப்படைகளைச் சில வருடங்களாகப் பார்த்து வருகிறேன். கிழக்கில் எந்தப் பாடசாலைக் கண்காட்சிக்குப் போனாலும் வாசலிலேயே ரெஜிபோமில் செய்த ஒரு பள்ளிவாசல் நிற்கும். உள்ளே ஒரு நாடகம். முதல் காட்சியில் அறபு வணிகர் கப்பலில் வந்திறங்குவார்கள். அடுத்ததில் 1626இல் போர்த்துக்கேயர் துரத்த, செனரத் மன்னன் நாலாயிரம் பேரை மட்டக்களப்பில் குடியேற்றுவான். பிறகு கைதட்டல்தான். அதற்குப் பின்வந்த கிட்டத்தட்ட நானூறு வருஷம் எங்கே போனது?

செனரத் கதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. காத்தான்குடிப் பிள்ளையும் சம்மாந்துறைப் பிள்ளையும் அதே நாடகத்தை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நடிப்பதுதான் உறுத்துகிறது.

இந்தக் கூட்டத்தில் ஒரு மருதமுனை மாணவி எழுதிய எட்டுப் பக்கக் கதை தனியாகத் தெரிந்தது. மூத்தம்மா குழித்தறியில் இருக்கிறா. பாவு, ஊடை, நாடா என்று தொழிலின் சொற்களெல்லாம் அந்தந்த இடத்தில் வந்து விழுகின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு தறிக்குழி நிறைய மண். அதை யார் அள்ளுவது என்று வீட்டுக்குள் வரும் சண்டைதான் கதை. எழுத்துப்பிழை நிறைய. ஆனால் எந்தப் புத்தகத்திலிருந்தும் இதை எடுத்திருக்க முடியாது, கேட்டுத்தான் எழுதியிருக்கிறாள். நடுவர்கள் “வரலாற்றுத் தகவல் போதாது” என்று ஒதுக்கிவிட்டார்கள். வருஷமும் மன்னர் பெயரும் இருந்தால்தான் வரலாறாம்!

கதையில் குறை இல்லாமலில்லை. கடைசிப் பக்கத்தில் மூத்தம்மா திடீரென்று இன ஐக்கியம் பற்றி மேடைப் பேச்சுப் பேசுறா. அது பிள்ளையின் குரலில்லை, ஏதோ ஓர் ஆசிரியரின் குரல். ஐக்கியத்தைக் காட்ட வேறு வழி அவள் வீட்டிலேயே இருந்தது. தாய்வழியாக வரும் குடி முறை நமக்கும் பக்கத்துத் தமிழர்களுக்கும் பொதுவானது. குடிக்கொரு மரைக்காயர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த காலம் பெரியவர்களுக்கு இன்னும் ஞாபகம். ஆனால் குடி பற்றி எழுதிய ஒரு ஒப்படையைக்கூட நான் காணவில்லை. “அதெல்லாம் எழுதாதீங்க, பிரச்சினை வரும்” என்று நம்மவர்களே தடுத்துவிடுகிறார்கள். அந்தப் பெரியவர்கள் போனபிறகு யாரிடம் போய்க் கேட்பது?

கதை இன்னும் அவளிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டு, நூல் எங்கிருந்து வந்தது, நெய்த சாரனை யார் கொண்டுபோய் விற்றது, மூத்தம்மா எந்தக் குடி என்று கேட்டு இன்னும் நாலு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறேன்.