ஒரே வரைபடம், இரு சாட்சிகள்

சாட்சி ஒருவர் உரைக்கும் ஒவ்வொரு வாக்கியமும் மெய்யாயிருந்தும், அவரது சாட்சியம் கேட்போரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லலாம். ஒரு பாதியைக் கூறி மறுபாதியை விடுத்தலே அதற்குப் போதும். புவியின் வெப்பம் உயர்வதற்குக் கரியமில வாயு காரணமா என்னும் விவாதத்தைப் பொதுமக்களிடையே கொண்டுசென்ற இரு திரைப்படங்களை இந்நோக்கில் ஆராய்வது தகும். அமெரிக்காவின் முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் ஆல் கோர் தோன்றி விளக்கும் 'ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்' 2006இல் வெளிவந்தது. அதற்கு எதிர்நிலையில் நின்று மார்ட்டின் டர்கின் இயக்கிய 'தி கிரேட் குளோபல் வார்மிங் ஸ்விண்டில்' 2007 மார்ச்சில் பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. முன்னது எச்சரிக்கை, பின்னது, அவ்வெச்சரிக்கையே மோசடி என்னும் குற்றச்சாட்டு.

இரண்டும் ஒரே சான்றைக் கையாளுகின்றன. அண்டார்டிகாவின் பனிப்பாளத்தைத் துளைத்தெடுத்த பனித்தண்டுகளில் பண்டைக் காலத்துக் காற்று சிறு குமிழிகளாக அடைபட்டிருக்கிறது. அக்காற்றிலிருந்து அக்காலத்துக் கரியமில வாயுவின் அளவையும், பனியின் இயைபிலிருந்து அக்காலத்து வெப்பநிலையையும் விஞ்ஞானிகள் கணிக்கின்றனர். இவ்விரண்டையும் கோடுகளாக வரைந்தால், பனியுகந்தோறும் அவை ஏறத்தாழ ஒருமித்து ஏறி இறங்குவதைக் காணலாம்.

கோர் 6,50,000 ஆண்டுகளுக்குரிய கோடுகளைப் பெருந்திரையில் காட்டி, வாயு மிகும்போது வெப்பமும் மிகுகிறது என்கிறார். இத்தொடர்பு சிக்கலானது என்று ஒரு சொல்லில் ஒப்புக்கொண்டு கடந்துவிடுகிறார். எது முந்தியது என்பதைக் கூறவில்லை. இப்படத்தைப் பள்ளிகளுக்கு அனுப்புவது பற்றி இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில் எழுந்த வழக்கில், நீதிபதி பர்ட்டன் 2007 அக்டோபரில் தீர்ப்பளித்தார். படம் பெரும்பாலும் துல்லியமானதே என அவர் கண்டார். ஆயினும், அவ்விரு கோடுகளும் கோர் வலியுறுத்துவதை நிறுவவில்லை என்றும் குறிப்பிட்டார். கோரின் பக்கம் நிற்போரும் இக்குறையை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

டர்கினின் படம் இவ்விடைவெளியின் வழியாகவே நுழைகிறது. வெப்பமே முதலில் உயர்ந்தது, வாயு சுமார் 800 ஆண்டுகள் பின்தங்கியே உயர்ந்தது, ஆகவே வாயு விளைவேயன்றிக் காரணம் அன்று என அது வாதிடுகிறது. அந்த 800 ஆண்டுகள் கற்பனையல்ல. ஏறத்தாழ 2,40,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பனியுகம் முடிந்தபோது அண்டார்டிகாவில் அத்தகைய பின்தங்கல் நேர்ந்ததாக 2003இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பிழை சான்றில் இல்லை. அதனின்று பெறப்பட்ட முடிவிலேதான் உள்ளது.

பனியுகத்தின் முடிவைத் தொடங்கிவைப்பது புவியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் மெல்ல நிகழும் மாறுதலாகும். அதனால் வெப்பமுற்ற கடல் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அவ்வாயு புவியினின்று வெளியேறும் வெப்பக் கதிர்களை உட்கொண்டு வெப்பத்தை மேலும் பெருக்குகிறது. வாயுவின் இவ்வியல்பை ஜான் டிண்டால் 1859இலேயே ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். வட்டி அசலுக்குப் பின்னரே வருகிறது. அதனால் வட்டி கடனைப் பெருக்குவதில்லை என்று எவரேனும் கூறுவாரோ? மேலும், உலகின் பல பகுதிகளிலிருந்து 80 பதிவுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஆய்வு, கடைசிப் பனியுகத்தின் முடிவில் உலகின் சராசரி வெப்பநிலை வாயுவைப் பின்தொடர்ந்தே உயர்ந்தது எனக் கண்டது. அண்டார்டிகா மட்டுமே உலகம் அன்று.

இன்றைய நிலையோ வேறு. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த வாயு 2024இல் 420 பங்கைக் கடந்துவிட்டது. இது கடல் வெளிவிட்டதன்று. கடல் இன்று வாயுவை உட்கொண்டு அமிலத்தன்மையில் மிகுந்து வருகிறது. காற்றிலுள்ள கரியணுக்களின் வகைகளை ஆராய்ந்தால், புதிதாகச் சேர்ந்தது நிலக்கரியும் எண்ணெயும் எரிந்த கரியே என்பது புலனாகிறது. சூரியனே காரணம் என்னும் டர்கினின் மாற்று விளக்கமும் நிலைக்கவில்லை. 1985க்குப் பின் சூரியனின் செயற்பாடு குறையும் போக்கிலிருக்க, வெப்பமோ உயர்ந்தது. மனிதரினும் எரிமலைகளே மிகுதியாக வாயுவை வெளிவிடுகின்றன என்னும் கூற்று பின்னர் அப்படத்தினின்று நீக்கப்பட்டது.

அப்படத்தில் தோன்றிய கடலியலறிஞர் கார்ல் வுன்ஷ், தம் கருத்து திரித்துக் காட்டப்பட்டதாக முறையிட்டார். வெப்பமுறும் கடல் பெருமளவு வாயுவை வெளிவிடக்கூடும், ஆகவே கடலை வெப்பமுறச் செய்வது அபாயம் என்பதே அவர் கருத்து. ஆஃப்காம் என்னும் ஒலிபரப்புக் கண்காணிப்பு ஆணையம் 2008 ஜூலையில் அம்முறையீட்டின் ஒரு பகுதியை ஏற்றது. எனினும், பார்வையாளருக்குத் தீங்கு நேருமளவு படம் அவர்களைத் தவறாக வழிநடத்தவில்லை என்றும் அது கருதியது. இதனையும் மறையாது கூறுதல் நம் கடமை.

இரு படங்களும் பிழையில் ஒத்தவையல்ல. கோர் விடுத்த செய்தியைச் சேர்த்தாலும் அவர் முடிவு நிலைநிற்கிறது. டர்கின் விடுத்ததைச் சேர்த்தாலோ அவர் முடிவு சரிகிறது. ஆயினும் கோரின் மௌனத்திற்கு விலை இருந்தது. அந்த 800 ஆண்டுகளையும் அவற்றின் காரணத்தையும் விளக்க அவர் சில நிமிடங்கள் செலவிட்டிருந்தால், எதிர்த்தரப்பின் மிகக் கூரிய அம்பு முனை மழுங்கியிருக்கும். ஆசிரியர் சொல்லாது விட்ட மெய்யை மாணவர் எதிராளியின் வாயினின்று முதன்முறை கேட்கும்போது, அவர் கற்ற அனைத்தின்மீதும் ஐயம் படர்கிறது. கற்பிக்கும் பொறுப்புடையோர் அவ்வரைபடத்தைக் காட்டுகையில், கேட்போர் வினவுமுன்னரே அந்த 800 ஆண்டுகளைப் பற்றிப் பேசுதல் வேண்டும்.