சத்ரியும் சத்திரமும்

ராஜஸ்தானத்து ஷேகாவதி வட்டாரத்தில் மார்வாரி வணிகர்கள் இரண்டு வகைக் கட்டடங்களை விட்டுப் போயிருக்கிறார்கள். இருப்பவர்களுக்குச் சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய ஹவேலி. போனவர்களுக்குக் குவிமாடம் கவித்த சத்ரி. கல்கத்தாவில் சேர்த்த காசு மண்டாவா, நவல்கட், ராம்கட் தெருக்களில் சுண்ணாம்பும் வண்ணமுமாகக் கிடக்கிறது. கண்ணனும் ராதையும் நிற்கும் சுவரிலேயே ரயில் வண்டியும் ஓடும்.

ஹவேலிக்கு இணை தேடி நாம் அலைய வேண்டாம், செட்டிநாடு இருக்கிறது. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தாரின் வீடுகளில் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சில் பளிங்காய் வழுக்கும் சுவர்கள், முகப்பின் மேல் கஜலட்சுமி. ஓவியம் மட்டும் ஹவேலியைப் போலத் தெருவுக்கு வருவதில்லை. வளவுக்குள் விட்டத்தின் அடியில் பட்டியாக அடங்கிவிடும். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். பணம் வந்த வழி அடைபட்டது.

சத்ரி மட்டும் செட்டிநாட்டில் இல்லை. அதைக் குறையென்று சொல்பவர்கள் தேடும் இடம் தவறு. நகரத்தார் முன்னோரை வீட்டுக்குள்ளேயே வைத்து, சோறும் புதுத்துணியும் வைத்துப் ‘படைப்பு’ நடத்துகிறார்கள். பேர் நிற்க வேண்டுமானால் கோயில் திருப்பணி, அல்லது நடைவழியில் ஒரு சத்திரம். உப்பு வணிகராக 17ஆம் நூற்றாண்டிலேயே பழனியோடு உறவு கொண்டவர்கள், இன்றும் தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்தே வருகிறார்கள். அந்தப் பாதைக்குத் தேவை குவிமாடமல்ல, அடுப்பும் திண்ணையும்.

சத்ரி, சத்திரம் இரண்டும் ஒட்டிப் பிறந்த சொற்கள் போலக் காதில் விழும். உறவில்லை. முன்னது குடை, பின்னது அன்னமிடும் இடம். தஞ்சை மராட்டியர் இரண்டையும் அறிந்தவர்கள். ராஜகோரியில் தங்கள் குலத்தாருக்குச் சமாதிகள் எழுப்பிய அதே மரபில் வந்த இரண்டாம் சரபோஜி, மறைந்த தன் காதலி முத்தம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் கட்டியது சத்திரம். வந்த மண் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பழனி மலைகளில் போனவர்களுக்கான இன்னும் பழைய கணக்கு ஒன்று உண்டு. தாண்டிக்குடி போன்ற ஊர்களில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல் மூடிய கற்திட்டைகள் நிற்கின்றன. ஆங்லேட் பாதிரியாரும் நியூட்டனும் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூல் 1928இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. மழைக்குத் தாங்கும் தட்டைக்கல்தான் கூரை. மலையடிவாரத்துப் பொருந்தலில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் சாடி கிடைத்தது. காலக்கணிப்பு கி.மு. 490ஐ ஒட்டி அமைந்தது. சாடிக்குள் இருந்தது சுமார் இரண்டு கிலோ நெல்.