தலைகீழாய் ஒட்டிய ஓரெழுத்து

தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்துக்கு வரும் வெண்கூடுகளைக் கையில் எடுப்பவர்கள் இறுக்கத்தையும் நிறத்தையும் பார்ப்பார்கள். கூடு கட்டும் வரைக்கும் வராமலே போன புழுக்களைப் பற்றி அங்கே பேச்சில்லை. அந்தப் பேச்செல்லாம் பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து வளர்ப்பு மனைகளில்தான். மனை கழுவப் பிளீச்சிங் பவுடர், தூவச் சுண்ணாம்பு, உள்ளே நுழையுமுன் கைகால் கழுவல் என்று இத்தனை காவலும் கண்ணுக்குத் தெரியாத சில நோய்களுக்காக. அவற்றில் ஒன்றைக் கொண்டுவரும் வைரஸை ரசித்து எழுதுகிறேன் என்றால் புழு வளர்ப்பவர் முறைப்பார். முறைக்கட்டும். ரசிக்க வேண்டிய பொருள் அது.

பட்டுப்புழுக்களுக்குப் பால்நோயைத் தருவது வேறு வைரஸ். அது டிஎன்ஏ வகை. நான் சொல்வது சைட்டோபிளாஸ்மிக் பாலிஹெட்ரோசிஸ் வைரஸ், சுருக்கமாக சிபிவி. புழுவின் நடுக்குடலைப் பிடிக்கும். நோய் முற்றிய புழுவை அறுத்தால் குடல் வெளுத்திருக்கும். வெளுப்புக்குக் காரணம், குடல் செல்களுக்குள் நிறைந்து கிடக்கும் நுண்ணிய படிகங்கள். ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் வைரஸ் துகள்கள் பொதிந்திருக்கின்றன. இலையோடு வயிற்றுக்குள் போன படிகம், பட்டுப்புழுக் குடலின் கடுமையான காரத்தன்மையில்தான் கரைந்து திறக்கும். எங்கே திறக்கவேண்டுமோ அங்கே மட்டும் திறக்கிறது.

படிகத்திலிருந்து வெளிவந்த துகளின் பன்னிரண்டு முனைகளிலும் சின்னஞ்சிறு கோபுரங்கள். உள்ளே இரட்டை இழை ஆர்என்ஏ, பத்துத் துண்டுகளாக. அந்த மூல இழைகள் வெளியே வருவதேயில்லை. அவற்றின் ஒற்றை இழைப் படிகள் மட்டும் உள்ளேயே தயாராகிக் கோபுர வழியாக வெளியேறும். வெளியேறும்போதே, கோபுரத்தில் இருக்கும் நொதிகள் ஒவ்வொரு படியின் தலையிலும் ஒரு வேலை செய்து அனுப்புகின்றன.

அந்த வேலை என்ன என்பதை உலகுக்கு முதலில் காட்டிய வைரஸ்களில் இந்தப் பட்டுப்புழு வைரஸ் முன்வரிசையில் நிற்கிறது. ஜப்பானின் மிஷிமாவில், தேசிய மரபியல் நிறுவனத்தில், யசுஹிரோ ஃபுருயிச்சி இதைச் சோதனைக்குழாயில் வைத்து ஆர்என்ஏ படியெடுக்க வைத்துக்கொண்டிருந்தார். எஸ்-அடினோசில்மெத்தியோனின் என்ற, மெத்தில் குழுவைத் தானம் செய்யும் பொருளைக் கலந்ததும் உற்பத்தி பல மடங்கு எகிறியது. 1974இல் அதை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவரும் கின்-இச்சிரோ மியுராவும் அந்த ஆர்என்ஏவின் முனையைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஆர்என்ஏவின் முன்முனையில் இருக்கும் பாஸ்பேட்டுகளை வழக்கமாகக் கழற்றிவிடும் நொதி, இங்கே கைவைக்க முடியாமல் நின்றது. முனை அடைபட்டிருந்தது.

எதனால் அடைபட்டது என்பதில்தான் நயம். ஆர்என்ஏவின் எழுத்துகள் எல்லாம் ஒரே திசை பார்த்து, ஒன்றன் வால் மற்றதன் தலையில் கோத்து நிற்பவை. முதலெழுத்துக்கு முன்னால் மட்டும் ஒரு ‘ஜி’, தலையோடு தலை முட்டி, மூன்று பாஸ்பேட்டுகளை நடுவே வைத்துக்கொண்டு, தலைகீழாக ஒட்டியிருக்கிறது. அதன் ஏழாவது இடத்தில் ஒரு மெத்தில் குழு: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், எடை 15 டால்டன். ஆயிரம் எழுத்துள்ள ஆர்என்ஏவின் எடை ஏறத்தாழ 3.3 லட்சம் டால்டன். இந்த விகிதத்தை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பார்க்கலாம்.

தலைகீழாய் நிற்கும் அந்த ‘ஜி’யால் என்ன ஆகிறது? விடை, அமெரிக்காவின் நட்லியில் இருந்த ரோஷ் மூலக்கூறு உயிரியல் நிறுவனத்திலிருந்து வந்தது. ஏரன் ஷாட்கினின் ஆய்வுக்கூடம். ஃபுருயிச்சியும் அங்கே வந்து சேர்ந்திருந்தார். 1975இல் ‘நேச்சரில்’ வந்த கட்டுரையின் முதற்பெயர் நமக்குப் பழக்கமான பெயர்: எஸ். முத்துகிருஷ்ணன். வைரஸ் ஆர்என்ஏவின் தலையிலிருந்து அந்த ‘ஜி’யை மட்டும் வேதிமுறையில் கழற்றினார்கள், மற்றதெல்லாம் அப்படியே. கோதுமை முளைச் சாற்றில் விட்டார்கள். புரதம் உருவாக்கும் திறனை அது இழந்துவிட்டிருந்தது. வெந்த கூட்டில் இழையின் சரியான நுனி அகப்படாவிட்டால் நூற்பவருக்குக் கூடு முழுதாக இருந்தும் பட்டு வராது, அதே கதைதான். இதைவிடச் சிக்கனமான சோதனையை நான் அதிகம் பார்த்ததில்லை. முத்துகிருஷ்ணன் பின்னாளில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளின் மேல்தோலில் இருக்கும் கைட்டினை ஆராய்ந்தார். புழு வைரஸிலிருந்து தொடங்கிய சங்கதி பூச்சியிடமே போய்ச் சேர்ந்தது தற்செயல்தான், ஆனாலும் பிடித்திருக்கிறது.

பட்டுப்புழு வைரஸின் தலையில் இன்னொரு மெத்திலும் உண்டு. தலைகீழ் ‘ஜி’க்கு அடுத்த ‘ஏ’ எழுத்தின் சர்க்கரையில், இரண்டாம் இடத்து ஆக்சிஜன்மேல். முதல் மெத்திலின் பயன் சீக்கிரமே தெரிந்துவிட்டது. இது எதற்கு என்ற கேள்வி முப்பது ஆண்டுகளுக்குமேல் நீடித்தது. 2010இல் வெஸ்ட் நைல் வைரஸை வைத்து ஒரு விடை கிடைத்தது. நம் செல்களின் சொந்த ஆர்என்ஏவிலும் இதே குறி இருக்கிறது. குறியில்லாததை அந்நியன் என்று கண்டு ஐஃபிட் என்னும் காவல் புரதங்கள் தடுக்கின்றன. ஆகவே வைரஸும் அதே குறியை இட்டுக்கொள்கிறது. கொரோனா வைரஸில் இந்த ஒரே வேலைக்கென்று என்எஸ்பி16 என்னும் நொதி இருக்கிறது.

2023இல் கத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் நோபல் பெற்றது, எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளுக்கு வழிவகுத்த, ஆர்என்ஏ எழுத்துகளின் உடலில் செய்த மாற்றத்துக்காக. அதைப் பலரும் பேசினார்கள். தலையைப் பற்றிப் பேச்சு குறைவு. ஃபைசர்–பயோஎன்டெக் கொரோனா தடுப்பூசியின் ஆர்என்ஏவைப் பாருங்கள்: தலைகீழாய் ஒரு ‘ஜி’, அடுத்து சர்க்கரையில் மெத்தில் ஏறிய ‘ஏ’. சிபிவியின் தொடக்கமும் அதுதான்.

எல்லா வைரஸும் தலையைத் தானே கட்டிக்கொள்வதில்லை. இன்ஃப்ளுயன்சா வைரஸுக்கு இந்தத் தலையைக் கட்டும் நொதியே கிடையாது. நம் செல்லின் ஆர்என்ஏவைப் பிடித்து, தலையோடு பத்துப் பதிமூன்று எழுத்துகளைச் சேர்த்து வெட்டி எடுத்துத் தன் ஆர்என்ஏவுக்கு வைத்துக்கொள்கிறது. அந்த வெட்டும் நொதியை முடக்கும் மருந்து பலோக்சவிர். அதற்கு 2018இல் ஜப்பான் அனுமதி தந்தது.