தராசடியில் ஒரு தத்துவ நூல்

கடைக்காரனுக்குத் தத்துவம் எதற்கு என்கிறார்கள். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், பத்து அத்தியாயங்களுள் ஏழாவதில் இதற்கு விடை சொல்கிறது. கள்ளாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்கள்: திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருள் வாங்குதல், அரச விதி மீறி வணிகம் செய்தல், அளவில் ஏமாற்றுதல், கலப்படம். அத்தனையும் கடைவாசல் சமாச்சாரம்தானே!

மூன்றாவதைக் குளத்தூர் எல்லைக்காரர்களுக்கு விளக்க வேணுமா? ஜி.எஸ்.டி. வந்த 2017-இலேயே அமரவிளை போன்ற வணிகவரிச் சாவடிகளின் வேலை முடிந்தது. சாவடி போனாலும் விரதம் போகாது. கேட்க ஆளில்லாத இடத்தில்தான் அதற்கு வேலையே.

நூலில் குறை உண்டு. சூத்திரம் சுருக்கமானது, உதாரணம் கிடையாது. நம் சொற்பொழிவாளர்களோ உயிர், வினை என்று விரித்துவிட்டு இந்த இடத்தைத் தாண்டிப் போகிறார்கள். பிள்ளைகளுக்குத் தத்துவம் சொல்ல விரும்பும் பெற்றோர் இந்த ஐந்திலிருந்தே தொடங்கலாம். உதாரணத்துக்கு அவரவர் வீட்டுக் கணக்குப் புத்தகம் போதும்.