இணைந்த ஊர்களும் இறங்கிவந்த அதிகாரமும்

உக்ரைனில் 2014 வரை கிட்டத்தட்ட 11,000 உள்ளாட்சி மன்றங்கள் இருந்தன. எண்ணிக்கைக்குக் குறைவில்லை, அதிகாரத்துக்குத்தான் பஞ்சம். சிற்றூர் மன்றத்துக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி தலைவர், செயலர், கணக்கர் சம்பளத்துக்கே போய்விடும். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் மாவட்ட நிர்வாகத்தின் கையில். அந்த நிர்வாகத்தின் தலைவரை நியமிப்பவர் நாட்டின் அதிபர். பள்ளிக் கூரை ஒழுகினால் ஊர்த் தலைவர் மனுவோடு மாவட்டத் தலைநகரில் போய்க் காத்துக்கிடக்க வேண்டும்.

இதை மாற்றும் கொள்கையை அரசு 2014 ஏப்ரலில் ஏற்றது. ஊர்கள் தாமாக முன்வந்து இணைவதற்கான சட்டம் 2015 பிப்ரவரியில் வந்தது. ஊர்கள் இணைந்து உருவாகும் புதிய உள்ளாட்சி அமைப்பு ‘ஹ்ரோமாதா’. அதன் எல்லைக்குள் வசூலாகும் தனிநபர் வருமான வரியில் 60 விழுக்காடு 2021 வரை அதற்கே சொந்தமாக இருந்தது. பள்ளிகளும் அதன் பொறுப்பு. மாவட்டத்தை இடையில் வைக்காமல் மத்திய அரசோடு நேரடி நிதி உறவும் கிடைத்தது.

சீர்திருத்தத்தின் பெரிய பலம் இதுதான்: பொறுப்போடு பணமும் சேர்ந்து இறங்கியது. பல நாடுகள் வேலையை மட்டும் கீழே தள்ளிவிட்டுப் பணப்பெட்டியின் சாவியை மேலேயே வைத்துக்கொள்கின்றன. உக்ரைன் அப்படிச் செய்யவில்லை. பிறப்புப் பதிவு, முகவரிப் பதிவு, நிலம் தொடர்பான விண்ணப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அலுவலகம் ஏறி இறங்கியவர்களுக்கு, ஒரே கூடத்தில் எல்லாம் முடியும் சேவை மையங்கள் பல ஹ்ரோமாதாக்களில் வந்தன.

ஆனால் ‘தாமாக முன்வந்து’ என்பதை அப்படியே ஏற்க முடியாது. முன்பு கிராம மன்றங்களுக்கு வருமான வரியில் 25 விழுக்காடு கிடைத்துவந்தது. 2015 முதல் இணையாத கிராமங்களுக்கு அந்தப் பங்கு அறவே நின்றுபோனது. இணைந்தால் 60, இணையாவிட்டால் சுழியம் என்ற நிலையில் ஏழை ஊருக்குத் தேர்வு ஏது? அப்படியிருந்தும் முதல் ஐந்தாண்டுகளில் 1,000-க்கும் மேற்பட்ட ஹ்ரோமாதாக்கள் உருவானபோது, யாரோடு சேர்வது, எந்த ஊர் தலைமையிடம் என்று மக்கள் கூடிப் பேச வாய்ப்பிருந்தது. 2020 ஜூனில் அரசே வரைபடத்தை முடித்து, நாட்டை 1,469 ஹ்ரோமாதாக்களாகப் பிரித்தபோது அந்த வாய்ப்பும் போயிற்று. அடுத்த மாதமே 490 மாவட்டங்கள் 136 ஆகச் சுருங்கின.

இணைப்பின் சுமை அதிகம் விழுவது ஓரத்து ஊர்களின் மீதுதான். மன்றம் இழந்த கிராமத்துக்குக் குரலாக ‘ஸ்தாரொஸ்தா’ என்ற பொறுப்பாளர் வந்தார். தொடக்கத்தில் அவரை ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். 2020 தேர்தலுக்குப் பின் ஹ்ரோமாதா தலைவர் முன்மொழிய, மன்றம் நியமிக்கிறது. ஊருக்காகத் தலைவரோடு வாதாட வேண்டியவர், அந்தத் தலைவரின் தயவில் பதவிக்கு வருகிறார். மாணவர் குறைந்த சிறு பள்ளிகளை மூடிப் பெரிய பள்ளிக்குப் பேருந்தில் அனுப்பும்போது நல்ல ஆய்வகம் கிடைக்கலாம். பனிக்காலச் சாலையில் போய்வருவது குழந்தையின் பாடு. வரியிலும் ஒரு கோணல் உண்டு. வருமான வரி போய்ச் சேருவது ஊழியர் குடியிருக்கும் ஊருக்கு அல்ல, அவரது நிறுவனம் பதிவான ஊருக்கு. நகரத்தில் உழைத்து இரவில் கிராமம் திரும்புபவரின் வரி நகரத்திலேயே தங்கிவிடுகிறது.

2022-இல் ரஷ்யப் படையெடுப்பு வந்தபோது பல ஹ்ரோமாதாக்கள் தலைநகர் கீவின் ஆணைக்குக் காத்திராமல் புகலிடமும் உணவும் ஏற்பாடு செய்தன. இடம்பெயர்ந்து வந்தவர்களைத் தங்கவைத்தன. இந்தத் துணிவை முழுக்கச் சீர்திருத்தத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் கையில் நிதியும் முடிவெடுத்துப் பழக்கமும் இல்லாத பழைய மன்றங்களால் இவ்வளவு செய்திருக்க முடியாது என்பது என் துணிபு. அதே போர்க்காலத்தில், 2023 அக்டோபர் முதல் படைவீரர்களின் வருமான வரியை மைய அரசு தன் பக்கம் எடுத்துக்கொண்டது. போர்ச் செலவு நியாயமான காரணம்தான். ஆயினும் சாதாரணச் சட்டத்தால் கொடுத்ததைச் சாதாரணச் சட்டத்தாலேயே திரும்ப எடுக்கலாம் என்பதை அது உணர்த்தியது. உள்ளாட்சி உரிமைக்கான அரசமைப்புத் திருத்த முயற்சி 2015-இல், கிழக்கு உக்ரைனின் டொன்பாஸ் பகுதிக்குத் தனி நிலை தருவது பற்றிய சர்ச்சையோடு பிணைந்து முடங்கியதன் விலை இது.

ஊர்களை இணைப்பது தன்னளவில் சீர்திருத்தம் ஆகாது. பணமும் அதிகாரமும் கூடவே வந்ததால்தான் உக்ரைனில் அது பயன் தந்தது. அந்தப் பயன் நிலைக்க மூன்று வேண்டும்: உள்ளாட்சி உரிமைக்கு அரசமைப்பின் காப்பு, குடியிருக்கும் ஊருக்கே வரி, ஊரார் தேர்ந்தெடுக்கும் ஸ்தாரொஸ்தா. இவை வராவிட்டால் தலைநகரிலிருந்து இறங்கிய அதிகாரம் ஹ்ரோமாதா தலைமையிடத்திலேயே நின்றுவிடும்; கடைசிக் கிராமத்துக்கு வந்து சேராது.